தெரிந்து செயல்வகை அதிகாரமும் புதிய தொழில்நுட்பத்தின் அறமும்: இழப்பைச் சுமப்பவர் யார்?

ஆய்வுச் சுருக்கம்

திருக்குறளின் 47ஆம் அதிகாரமான ‘தெரிந்து செயல்வகை’, மேலாண்மை, மருத்துவம், செயற்கை நுண்ணறிவு முதலிய துறைகளில் முடிவெடுத்தல் பற்றிப் பேசும் தமிழ்க் கட்டுரைகளில் தொடர்ந்து எடுத்தாளப்படுகிறது. அவற்றில் தனித்தனிக் குறட்பாக்கள் இக்காலக் கருத்துகளுக்கு நிகராக வைக்கப்படுகின்றனவே அன்றி, அதிகாரம் முழுமைக்கும் உரிய வாதம் சோதிக்கப்படுவதில்லை. இக்கட்டுரை அவ்வாதத்தைத் தாலிடோமைடு மருந்து, மரபணு ஆய்வு பற்றிய அசிலோமர் மாநாடு, நெதர்லாந்தின் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரம் ஆகிய மூன்று நிகழ்வுகளின் முன் நிறுத்தி மதிப்பிடுகிறது. மீட்க இயலாத இழப்பு, செய்தும் செய்யாமலும் நேரும் கேடு ஆகியவற்றில் அதிகாரம் வலுவான நெறியைத் தருகிறது. முடிவெடுப்பவரும் இழப்பவரும் வேறுவேறாகும் இடத்தில் அது தனித்து நின்று போதாது. செங்கோன்மை, கொடுங்கோன்மை அதிகாரங்களோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: திருக்குறள், தெரிந்து செயல்வகை, பரிமேலழகர், தொழில்நுட்ப அறம், முடிவெடுத்தல், தாலிடோமைடு, அசிலோமர்.

1. முன்னுரை

பழந்தமிழ் அறநூல்களை இக்கால அறிவுத்துறைகளோடு ஒப்பிடும் ஆய்வுகளில் ஒரு வழக்கம் நிலைபெற்றுள்ளது. இடர் மதிப்பீடு, செலவு-பயன் ஆய்வு, வல்லுநர் குழு என ஏதேனும் ஒரு கருத்து விளக்கப்படும். அதையடுத்து அதற்குப் பொருந்தும் குறட்பா ஒன்று காட்டப்படும். வள்ளுவர் இதனை முன்னரே உணர்ந்திருந்தார் என்ற கூற்றோடு ஆய்வு நிறைவுறும். இம்முறையால் இருவகைக் குறைகள் நேர்கின்றன. ஓர் அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களும் ஒன்றையொன்று வரையறுத்தும் திருத்தியும் நிற்கும் தன்மை மறைகிறது. நூல் எதைச் சொல்லவில்லை என்ற வினா எழாமலே போகிறது. முன்னது இலக்கியத்திற்கு இழப்பு; பின்னது, இலக்கியத்தைத் துணைகொண்டு முடிவெடுக்க முயல்வோர்க்கு இழப்பு.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதும் அன்று. தமிழ்நாடு அரசு 2020-இல் பாதுகாப்பானதும் அறநெறி சார்ந்ததுமான செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. புதிய தொழில்நுட்பத்தை ஏற்கும் முன்னர் எவற்றை எண்ண வேண்டும் என்பது அரசின் நடைமுறை வினாவாகிவிட்ட நிலையில், தமிழ் அறமரபு அவ்விவாதத்திற்கு அணியாகப் பயன்படுமா, அளவுகோலாகப் பயன்படுமா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. அளவுகோலாக வேண்டுமெனின், அக்கோலின் நீளமும் குறையும் அளக்கப்பட்டாக வேண்டும்.

2. அதிகாரத்தின் இடமும் அமைப்பும்

‘தெரிந்து செயல்வகை’ பொருட்பாலில் அரசியல் பகுதியில் அமைகிறது. அதற்கு முன் ‘பெரியாரைத் துணைக்கோடல்’, ‘சிற்றினம் சேராமை’ ஆகியவை நிற்கின்றன. பின் ‘வலியறிதல்’, ‘காலமறிதல்’, ‘இடனறிதல்’ ஆகியவை தொடர்கின்றன. யாரோடு எண்ணுவது, எவ்வாறு எண்ணுவது, எந்த வலிமையோடு எப்போது எங்கே செய்வது என்ற வரிசை இதில் புலப்படுகிறது. எண்ணப்படும் வினை அரசனின் வினை. 465ஆம் குறள் பகைவரை வெளிப்படையாகவே சுட்டுகிறது. பரிமேலழகரும் இவ்வதிகாரத்தின் சில குறட்பாக்களுக்கு உபாயங்களின் நோக்கில் உரை காண்கிறார். எல்லா மனிதர்க்கும் எல்லாச் சூழலுக்கும் உரிய பொதுநெறியாக அதிகாரத்தை விரிக்கும் முன்னர் இப்பின்னணி நினைவில் இருத்தல் வேண்டும்.

முதற் குறள் (461) ஒரு வினையால் அப்போது அழிவது, பின் ஆவது, அவ்வாறு ஆனபின் வழிவழியாக வரும் ஊதியம் ஆகிய மூன்றையும் சீர்தூக்கச் சொல்கிறது. செலவு-பயன் ஆய்வுக்கு நிகராக ஆய்வாளர் பலரும் காட்டுவது இதனையே. ஆனால் இரண்டு குறட்பாக்கள் கடந்து வரும் 463 இவ்வொப்பீட்டிற்கு ஒரு வரம்பு விதிக்கிறது. வரவிருக்கும் ஆக்கத்தைக் கருதிக் கையிலுள்ள முதலையே இழக்கச் செய்யும் வினையை அறிவுடையார் மேற்கொள்ளார் என்பது அதன் பொருள். ‘முதல்’, ‘ஊதியம்’ ஆகிய இரண்டும் வணிகச் சொற்கள். வணிகத்தில் ஊதியம் குறைந்தால் மறுமுறை ஈட்டலாம். முதல் அழிந்தால் மறுமுறை என்பதே இல்லை.

நிகழ்தகவுக் கணிதம் பாஸ்கல், பெர்மா ஆகியோர் 1654-இல் நிகழ்த்திய கடிதப் போக்குவரத்தில் உருப்பெற்றது. அதன்வழி வளர்ந்த எதிர்பார்ப்பு மதிப்பு முறையில் பெரிய ஆதாயம் சிறிய அழிவு வாய்ப்பை ஈடுசெய்துவிடும். நூறு முறை ஆடக்கூடிய ஆட்டத்திற்கு அக்கணக்கு பொருந்தும். ஒருமுறை தோற்றால் ஆட்டமே முடியும் எனில், சராசரிக்குப் பொருளில்லை. 461 ஒப்பீட்டையும் 463 அவ்வொப்பீடு செல்லத் தகாத எல்லையையும் உரைப்பதால், இரண்டையும் ஒரே கருத்தின் இரு வடிவங்களாகக் காட்டுவது அதிகாரத்தின் நுட்பத்தை இழப்பதாகும்.

3. தாலிடோமைடு: செய்தலும் செய்யாமையும்

தாலிடோமைடு என்ற உறக்க மருந்து 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மிகப் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்யப்பட்டதால், கருவுற்ற பெண்கள் காலைக் குமட்டலுக்கும் அதனை உட்கொண்டனர். 1961 நவம்பரில் அங்கு அது திரும்பப் பெறப்படும் முன்னர், பல நாடுகளில் கைகால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறந்திருந்தனர். பாதிக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை உலக அளவில் 10,000-க்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது.

அமெரிக்காவில் இம்மருந்துக்கு ஒப்புதல் கோரும் விண்ணப்பம் 1960-இல் உணவு, மருந்து நிருவாகத்தில் பிரான்செஸ் கெல்சி என்ற மருத்துவரிடம் வந்தது. சான்றுகள் போதா என்று அவர் அதனை மீண்டும் மீண்டும் திருப்பியனுப்பினார். இம்மருந்தை நெடுநாள் உட்கொண்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு நேர்வதாகப் பிரிட்டனின் மருத்துவ இதழில் வந்த குறிப்பைக் கண்டபின், கருவிலுள்ள குழந்தைக்கு இது தீங்கற்றது என்பதற்குச் சான்று யாது என வினவினார். உறுப்பிழப்பு நேரும் என அவருக்குத் தெரியாது. தெரியாமையைத் தெரியாமை என்றே பதிவு செய்ததுதான் அவர் செய்தது. தெளிவில்லாததைத் தொடங்கார் என்னும் 464ஆம் குறளின் நெறிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. ஒப்புதலுக்கு முன்பே சோதனை என்ற பெயரில் மருத்துவர்கள் வழி மாத்திரைகள் வழங்கப்பட்டிருந்தமையால் அந்நாட்டிலும் சில குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். எனினும் ஐரோப்பாவில் நேர்ந்த அளவு கேடு அங்கு நேரவில்லை. 463இன் வரம்பும் இங்குப் பொருந்துகிறது. ஓர் இரவின் உறக்கம் ஊதியம்; பிறக்கவிருக்கும் குழந்தையின் உடல் முதல்.

இவ்விடத்தோடு நின்றால், தொழில்நுட்பத்தின் முன் தயங்குவதே அறம் என்ற முடிவுக்கு வாசகர் வரக்கூடும். 466ஆம் குறள் அதனைத் தடுக்கிறது. செய்யத் தகாதவற்றைச் செய்வதாலும் கேடு வரும். செய்யத் தக்கவற்றைச் செய்யாமையாலும் கேடு வரும் என இரண்டையும் அது ஒரே தட்டில் நிறுத்துகிறது. தாலிடோமைடின் பிற்கால வரலாறு இதற்கே சான்றாகிறது. 1964-இல் எருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், தொழுநோயாளர்க்கு வரும் கடும் வலியுடைய தோல் அழற்சியை இம்மருந்து தணிப்பதைக் கண்டார். 1998-இல் அதே அமெரிக்க நிருவாகம் அந்நோய்நிலைக்கும், 2006-இல் மஜ்ஜையைத் தாக்கும் ஒருவகைப் புற்றுநோய்க்கும் கடுமையான கட்டுப்பாடுகளோடு அதற்கு ஒப்புதல் அளித்தது. மருந்தின் வேதிப்பொருள் மாறவில்லை. யாருக்கு, எந்தக் கண்காணிப்பில், எந்நோய்க்கு என்பன மாறின. கட்டுப்பாடு தளர்ந்திருந்த பிரேசிலில், தொழுநோய்க்கென வழங்கப்பட்ட இதே மருந்தால் பிற்காலத்திலும் பாதிப்புடன் குழந்தைகள் பிறந்தன.

47ஆம் அதிகாரத்தை அடுத்துக் காலமும் இடமும் அறிதல் பற்றிய அதிகாரங்கள் நிற்பதன் பொருத்தம் இங்கே விளங்குகிறது. ‘இத்தொழில்நுட்பம் நல்லதா, தீயதா’ என்ற வினா பொருளின் இயல்பை மட்டும் நோக்குவது. ‘செய்தக்கது’ என்ற சொல்லோ பொருளைச் சுட்டாது வினையைச் சுட்டுகிறது. வினைக்கு எப்போதும் ஒரு காலமும் இடமும் செய்வோனும் உண்டு. தொழில்நுட்ப அறம் பற்றிய தமிழ் விவாதங்கள் ஆதரவு, எதிர்ப்பு என இரு முகாம்களாகப் பிரிந்துவிடுவதற்கு, பொருளையும் வினையையும் ஒன்றாகக் கொள்வதும் ஒரு காரணம்.

4. அசிலோமர்: எண்ணித் துணிதலும் எண்ணுவோர் யார் என்பதும்

தொழில்நுட்பத்தின் தொடக்கக் காலத்தில் அதனை நெறிப்படுத்துவது எளிது, ஆனால் அதன் விளைவு தெரியாது. விளைவு தெரியும் காலத்தில் அது சமூகத்தில் வேரூன்றிவிடுவதால் நெறிப்படுத்துவது அரிது. டேவிட் காலிங்ரிட்ஜ் 1980-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கிய இவ்விக்கட்டு அவர் பெயராலேயே அறியப்படுகிறது. எண்ணியபின் துணிய வேண்டும், துணிந்தபின் எண்ணுவோம் என்பது குற்றம் என்னும் 467ஆம் குறள் இவ்விக்கட்டின் முன் திணறுவதுபோல் தோன்றும். எண்ணுவதற்குரிய செய்தியே துணிந்தபின் தான் கிடைக்கும் எனில், முன்னரே எண்ணுவது எவ்வாறு?

இதற்கான விடை அக்குறளின் பொருளை நுணுகிப் பார்ப்பதில் உள்ளது. குற்றமெனப்படுவது தொடங்கிய வினையை மறுஆய்வு செய்வது அன்று. எண்ண வேண்டியதை எண்ணாமல் தொடங்கிவிட்டு எண்ணத்தைப் பின்னுக்குத் தள்ளுவதே ஆகும். பரிமேலழகரின் உரையும் இப்பொருளுக்கே இடம் தருகிறது. பின்னர்க் கற்க வேண்டியவை எவை, எந்த அடையாளம் கண்டால் நிறுத்துவது என்பவற்றை முன்னரே வகுத்துக்கொள்வதும் எண்ணித் துணிதலே. ‘வினைசெயல்வகை’ அதிகாரத்தில் தாழ்த்துச் செய்ய வேண்டியதைத் தாழ்த்தும், தாழ்த்தலாகாததைத் தாழ்த்தாமலும் செய்யச் சொல்லும் 672ஆம் குறள் இதற்குத் துணை நிற்கிறது.

மரபணுத் துணுக்குகளை ஓர் உயிரினின்று மற்றோர் உயிருக்கு மாற்றும் நுட்பம் 1970-களின் தொடக்கத்தில் கைகூடியது. 1974-இல் பால் பெர்க் முதலிய அறிவியலாளர்கள், இடர் தெளிவாகும்வரை சிலவகைச் சோதனைகளைத் தாமே முன்வந்து நிறுத்திவைக்குமாறு உலகெங்கும் உள்ள தம் துறையினரை வேண்டினர். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் ஏறத்தாழ 140 பேர் கூடினர். சோதனையின் இடருக்கேற்ப ஆய்வகத்தின் அடைப்புப் பாதுகாப்பும் படிப்படியாக உயர வேண்டும் எனவும், சில சோதனைகள் செய்யப்படவே கூடாது எனவும் அக்கூட்டம் வகுத்தது. 1976-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நெறிமுறைகள் இவ்வடிப்படையில் வெளிவந்தன. அனுபவம் வளர்ந்தபின் அவை தளர்த்தப்பட்டன. 1982-இல் இந்நுட்பத்தால் உருவான மனித இன்சுலின் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. தாழ்த்த வேண்டியதைத் தாழ்த்தியமையால் ஊதியம் இழக்கப்படவில்லை.

ஆயினும் அசிலோமர் ஒரு குறையும் உடையது. 462ஆம் குறள் தேர்ந்த இனத்தோடு ஆராய்ந்து எண்ணச் சொல்கிறது. 677ஆம் குறள் வினையின் உள்ளறிந்தவனின் கருத்தைக் கொள்ளச் சொல்கிறது. அசிலோமரில் கூடியோரில் மிகப் பெரும்பாலோர் அவ்வினையையே செய்யும் அறிவியலாளர். உயிரியல் ஆயுதங்களும் மனித மரபணுவை மாற்றுவதன் அறமும் பேசுபொருளிலிருந்து விலக்கப்பட்டன. உள்ளறிந்தவரே எண்ணும்போது, அவர்கள் அறிந்த இடர்கள் நுட்பமாக எண்ணப்படும். அவர்கள் இடரெனக் கருதாதவை எண்ணப்படா.

அடுத்த ஆண்டே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இதற்கொரு மாற்று முயற்சி நிகழ்ந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இவ்வகை ஆய்வகம் அமைவதை ஒட்டி எழுந்த விவாதத்தால், நகர மன்றம் 1976-இல் இடர் மிகுந்த சோதனைகளை இடைநிறுத்தக் கோரி, பொதுமக்கள் அடங்கிய ஆய்வுக்குழு ஒன்றை அமைத்தது. அறிவியலாளர் அல்லாத அக்குடிமக்கள் சில மாதங்கள் இரு தரப்பு வாதங்களையும் கேட்டுக் கற்றனர். 1977 ஜனவரியில், கூடுதல் பாதுகாப்புகளோடு ஆய்வை அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தனர். எண்ணுவோர் வட்டத்தை விரித்தால் அச்சமே மேலோங்கும் என்ற கருத்தை இந்நிகழ்வு மறுக்கிறது. 462இல் வரும் ‘இனம்’ என்பதை வல்லுநர் குழு என்று மட்டும் பெயர்ப்பது, குறளின் பொருளைத் தேவைக்கு மேல் குறுக்குவதாகும்.

5. நெதர்லாந்து: அதிகாரத்தின் மௌனம்

மேற்கண்ட இரு நிகழ்வுகளிலும் அதிகாரத்தின் நெறிகள் பெரிதும் துணைசெய்தன. மூன்றாவது நிகழ்வு அவற்றின் எல்லையைக் காட்டுகிறது.

நெதர்லாந்தில் வேலைக்குச் செல்லும் பெற்றோர்க்குக் குழந்தைப் பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியை அரசு தருகிறது. அதில் மோசடியைக் கண்டறிய, வரித்துறை விண்ணப்பங்களை இடர் அளவின்படி வகைப்படுத்தும் கணினி மாதிரியைப் பயன்படுத்தியது. விண்ணப்பதாரரின் குடியுரிமையும் அதில் ஒரு கூறாக இருந்தது. ஒரு கையொப்பம் விடுபட்டது போன்ற சிறு பிழைக்கும், பெற்ற உதவித்தொகை முழுவதையும் திருப்பிச் செலுத்துமாறு குடும்பங்கள் பணிக்கப்பட்டன. 20,000-க்கும் மேற்பட்ட பெற்றோர் இவ்வாறு கடனிலும் வறுமையிலும் தள்ளப்பட்டனர். அவர்களுள் வெளிநாட்டுப் பின்னணி உடையோர் பலர். பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து 1,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வைக்கப்பட்டதாக அந்நாட்டின் புள்ளியியல் அமைப்பு 2021-இல் கணக்கிட்டது. தாம் ஏன் ஐயத்திற்கு உள்ளானோம் என்ற காரணத்தைப் பெற்றோர் பல ஆண்டுகள் கேட்டும் விடை கிடைக்கவில்லை.

இதனை 461ஆம் குறளின் மூன்று கூறுகளால் அளந்தால் ஒரு சிக்கல் எழுகிறது. வரித்துறையின் நோக்கில் அழிவு சிறிது, ஆக்கம் பெரிது, வழிவரும் ஊதியமாக மோசடித் தடுப்பும் உண்டு. கணக்கு சரியாகவே வருகிறது. அழிந்தது வேறொருவரின் முதல் என்பதை அக்கணக்கு காணவில்லை. ‘அழிவது’ என்ற சொல்லுக்கு யாருக்கு அழிவது என்ற அடைமொழி குறளில் இல்லை. அரசனே எண்ணுபவன், அரசனே இழப்பவன் என்ற சூழலில் அவ்வடைமொழிக்குத் தேவையும் இல்லை. படையெடுப்பில் தோற்றால் நாடிழப்பவன் அவனே. இக்காலத் தொழில்நுட்பத்தில் இவ்விரு நிலைகளும் பிரிந்துவிட்டன; மாதிரியை வடிவமைப்பவர், வாங்குபவர், இயக்குபவர், அதனால் இழப்பவர் என நால்வரும் வேறுவேறாக உள்ளனர். நன்மை செய்வதிலும் அவரவர் இயல்பறியாது செய்தால் தவறுண்டு என்னும் 469ஆம் குறள் இவ்வெல்லையை நெருங்கி வருகிறது. எனினும் அதுவும் செய்பவனின் நோக்கிலிருந்தே பேசுகிறது.

இம்மௌனத்தை நிரப்பும் குரல் திருக்குறளிலேயே பிறிதோர் இடத்தில் உள்ளது. ‘செங்கோன்மை’ அதிகாரத்தின் 548ஆம் குறள், முறையிடுவோர் எளிதில் அணுகத் தக்கவனாய் இராமலும் ஆராய்ந்து முறை வழங்காமலும் உள்ள மன்னன் தானே தாழ்ந்து கெடுவான் என்கிறது. ‘கொடுங்கோன்மை’ அதிகாரத்தின் 555ஆம் குறள், துன்பம் பொறுக்கலாற்றாது மக்கள் அழுத கண்ணீரை ஆட்சியின் செல்வத்தைத் தேய்க்கும் கருவியாகக் காண்கிறது. இவை இழப்பவரின் இடத்திலிருந்து எழுபவை. நெதர்லாந்துப் பெற்றோர்க்குக் கிட்டாதவை இவையே: அணுகும் வழி, காரணம் அறியும் உரிமை, ஆராய்ந்து வழங்கும் முறை. மாதிரியின் துல்லியத்தை எவ்வளவு உயர்த்தினாலும் இம்மூன்றும் தாமாக வந்துவிடா.

6. எதிர்வாதமும் எஞ்சும் சிக்கலும்

வேறு அதிகாரங்களை 47ஆம் அதிகாரத்தோடு இணைப்பது வாசகர் செய்யும் வலிந்த பொருத்தம் எனலாம். மூன்று அதிகாரங்களும் அரசியல் பகுதியிலேயே நிற்பதும், அறிவுரை பெறுபவன் ஒரே அரசனாக இருப்பதும் இவ்விணைப்பிற்கு நூலளவில் இடம் தருகின்றன. எண்ணிச் செய்பவனும் முறை செய்பவனும் ஒருவனே என்பது நூலின் அடிப்படை. ஆய்வுலகமே அவ்விரண்டையும் மேலாண்மை என்றும் நீதி என்றும் பிரித்து மேற்கோள் காட்டுகிறது.

ஆயினும் இணைத்துப் படித்த பின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. 548, 555 ஆகிய இரண்டும் கொடுமைக்குத் தண்டனையாக அரசனின் அழிவைக் காட்டுகின்றன. நெதர்லாந்தில் நாடாளுமன்ற விசாரணை அறிக்கை 2020 டிசம்பரில் வெளிவந்தது. 2021 ஜனவரியில் அமைச்சரவை பதவி விலகியது. மார்ச் மாதத் தேர்தலில் அதே பிரதமரின் கட்சி முதலிடம் பெற்றது. 2022-இல் அவரே மீண்டும் பதவியேற்றார். பாதிக்கப்பட்டோர்க்கு 30,000 யூரோ இழப்பீடு அறிவிக்கப்பட்டும், அவர்களின் வழக்குகளைத் தீர்க்கும் பணி பல ஆண்டுகள் நீண்டது. உரிய வழியில் முயலாத முயற்சி, பின்னர்ப் பலர் நின்று காப்பினும் குறைபடும் என்னும் 468ஆம் குறள் இங்கு மெய்யாயிற்று. கண்ணீர் ஆட்சியைத் தேய்க்கும் என்பதோ அவ்வாறு மெய்யாகவில்லை. தவறிய ஆட்சி தானே கெடும் என்ற நம்பிக்கை, எண்ணற்ற கைகளின் வழி முடிவுகள் எடுக்கப்படும் அமைப்பில் போதிய காவல் ஆகாது. அங்குப் பொறுப்பை முன்கூட்டியே பெயர் சுட்டி வரையறுக்கும் சட்டமும், வெளியார் தணிக்கையும், மேல்முறையீட்டு வழியும் தேவை. இவற்றைத் திருக்குறளில் தேடுவதும், இருப்பதாகக் காட்டுவதும் நூலுக்கு நீதி செய்வதாகா.

7. முடிவுரை

‘தெரிந்து செயல்வகை’ அதிகாரம் சீர்தூக்குதல் (461), மீளா இழப்பில் வரம்பு காத்தல் (463), தெளிவின்மையை மதித்தல் (464), செய்யாமையின் கேட்டையும் எண்ணுதல் (466), எண்ணத்தைப் பின்தள்ளாமை (467) என்ற ஒழுங்கான வாதத்தை உடையது. தாலிடோமைடு, அசிலோமர் ஆகியவற்றில் இவ்வாதம் நிகழ்வை விளக்குவதோடு, ஆதரவு, எதிர்ப்பு என்ற எளிய பிரிவினையையும் திருத்துகிறது. இழப்பவர் எண்ணுவோரின் அவையில் இல்லாதபோது, நெதர்லாந்தில் கண்டவாறு, அதிகாரம் மௌனமாகிறது. அம்மௌனத்தில் ஒரு பகுதியைச் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் நிரப்புகின்றன; எஞ்சிய பகுதியை இக்காலச் சட்டமும் நிறுவனங்களுமே நிரப்ப இயலும்.

எனவே புதிய தொழில்நுட்பம் பற்றி எழுதும் தமிழ் ஆய்வாளர், ஒரு குறட்பாவை மேற்கோள் காட்டும்போது அது எதனோடு ஒத்துவருகிறது என்பதோடு, எவ்விடத்தில் ஒத்துவர மறுக்கிறது என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். குறிப்பாக, ‘அழிவது’ யாருக்கு என்ற ஒரு வினாவை ஒவ்வொரு கணக்கின் முன்னும் வைத்தல் வேண்டும்.